மங்கலம் ரோடு புளியமரத்துக் கடை: பழைய ஆல்ட்டோ அலாரம் கோளாறுக்கு நம்பிப் போலாம்

பழைய காருக்கு வெளிய வாங்கி மாட்டுன அலாரம் ராத்திரியில காரணமே இல்லாம கத்துது, பேட்டரியும் அடிக்கடி எறங்குதுன்னா, செட்டையே கழட்டிப்போட்டு புதுசு மாட்டலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்தக் கடைக்கு ஒருக்கா வண்டிய ஓட்டீட்டு போங்க. திருப்பூர்ல இருந்து மங்கலம் வழியா சோமனூர் வர்ற ரோட்டுல, சோமனூருக்கு சித்த முன்னாடி ரோட்டோரமா ஒரு பெரிய புளியமரம், அதுக்குக் கீழ தகர ஷெட்டு, அதான் கடை. போர்டு கிடையாது. புளியமரத்து எலக்ட்ரீசியன்னு கேட்டா பக்கத்துல இருக்கற பஞ்சர் கடையில கை காட்டுவாங்க. ஒரு அண்ணன், கூட ஒரு பையன், அவ்வளவுதான் ஆளு. கார் கரண்ட் வேலை மட்டுந்தான் பாக்கறாரு, இஞ்சின், டிங்கரிங் பக்கமெல்லாம் போறதில்ல.

இத எழுதறதுக்கு முக்கியமான காரணம் என்னன்னா, இவரு எதையும் மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாக்கறாரு. மீட்டர வெச்சு அளந்து, இன்ன எடத்துல இன்ன கோளாறுன்னு நம்ம கண்ணுக்கு முன்னாடி காட்டீட்டு அப்பறந்தான் ஸ்க்ரூ டிரைவர எடுக்கறாரு. பழைய வண்டிய வெச்சுகிட்டு கடை கடையா ஏறி எறங்குனவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்னு தெரியும்.

எங்க வண்டி 2008 மாடல் மாருதி ஆல்ட்டோ. அப்பா வாங்குனது. 15 வருசம் முடிஞ்சு எஃப்.சி. காட்டி ஆர்.சி.ய இன்னும் 5 வருசத்துக்கு புதுப்பிச்சு ஓட்டீட்டு இருக்கறோம், பசுமை வரி கட்டியாச்சு, இஞ்சின்ல ஒரு குறை சொல்ல முடியாது. எங்களுது அடிப்படை மாடலுங்கறதால கம்பெனில இருந்து வர்றப்ப சென்ட்ரல் லாக்கும் கெடையாது அலாரமும் கெடையாது, அப்ப எல்லாரும் பண்ணுன மாதிரி ஒரு ஆக்சஸரீஸ் கடையில 4 கதவுக்கும் லாக் மோட்டாரு, ரிமோட்டு, சைரன், ஷாக் சென்சாரு, ஸ்டார்ட்டர் கட் ரிலேன்னு ஒரு செட்டா மாட்டுனது. ரொம்ப வருசம் ஒரு தொந்தரவும் இல்லாமத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒரு ஐப்பசி மழைக்கு ஆரம்பிச்சுது பாருங்க, ராத்திரி ஊரே அடங்குனதுக்கு அப்பறம் திடீர்னு சைரன் அலறும், 30 செகண்ட் கத்தீட்டு நிக்கும், சித்த நேரம் சும்மா இருக்கும், மறுபடி அலறும். கோழி கூப்புடற நேரத்துலதான் ரொம்ப மோசம். பகல்ல எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சாலும் ஒரு சத்தம் வராது. இதுக்கு நடுவுல நாலஞ்சு நாள் வண்டிய எடுக்காம உட்டா ஸ்டார்ட்டர் சுத்தாது, டிக் டிக்குங்கும், ஆள் வெச்சுத் தள்ளணும்.

நாங்க இருக்கறது தறிக்குடோன் பக்கத்துல. ராத்திரி ஷிஃப்ட்டு ஓடற தறி, எங்க காம்பவுண்டு சொவத்துக்கு அந்தப்பக்கமே இருக்குது. அதனால பாக்கறவங்க எல்லாரும் சொன்னது ஒரே பதில்தான், தறி ஓடற அதிர்வுலதான் ஷாக் சென்சாரு கத்துதுன்னு. கேக்கறதுக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கூலி உயர்வு கேட்டு இந்தப் பக்கமெல்லாம் தறிய நிறுத்தியிருந்தப்ப, ஊருல ஒரு தறிச் சத்தங்கூட இல்லாத ராத்திரியிலயும் இந்த சைரன் கத்துச்சு. பக்கத்து ஊட்டு பெரீம்மா, பொழுதன்னைக்கும் தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகுனவங்க, "தறி ஓடுனாக்கூட தூங்கீரலாஞ் சாமி, இந்தச் சனியன் கத்துனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது"ன்னு சொன்னாங்க. அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு வேற. ஒரு வண்டியால அக்கம் பக்கத்துல நோயாளிக தூக்கம் கெடறது சங்கடமான விசயம், அதுக்கு அப்பறந்தான் இத ஒரு கை பாத்தே ஆகணும்னு உக்காந்தோம்.

இங்க வர்றதுக்கு முன்னாடி வேற எடங்கள்ல காட்டுனோம், பேரெல்லாம் வேண்டாம். ஒரு எடத்துல பேட்டரி வீக்கு, அதனாலதான் அலாரம் குழம்புதுன்னாங்க, புது பேட்டரி போட்டாச்சு, அதுவும் அதே மாதிரி எறங்குச்சு. இன்னொரு எடத்துல வண்டிக்குள்ள குனிஞ்சு கூட பாக்கல, "இந்த செட்டெல்லாம் இப்ப வர்றதில்லைங்க, மொத்தமா மாத்தீருங்க"ன்னு சொல்லி 6,500 ரூவாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் குடுத்தாங்க. குறைஞ்ச வோல்டேஜ்ல அலாரம் தாறுமாறா நடந்துக்கும்ங்கறது உண்மைதான், அதுல பொய் இல்ல. ஆனா பேட்டரி ஏன் எறங்குதுன்னு ஒருத்தரும் பாக்கலியே, அதுதான் எனக்கு வருத்தம்.

புளியமரத்துக் கடைக்கு நானும் அப்பாவும் போனோம். வண்டிய நிறுத்துனதும் அந்த அண்ணன் பானட்டத் தொறக்கல, கேள்விதான் கேட்டாரு. எந்நேரத்துல கத்துது, மழை பேஞ்சா எச்சா கத்துதா, வெயில் காலத்துல எப்படி, கத்தி முடிச்சதுக்கு அப்பறம் ரிமோட்ட அமுக்குனா டேஷ்போர்டுல இருக்கற சின்ன செவப்பு லைட்டு எத்தன தடவை மின்னுது. கடைசிக் கேள்விய நாங்க போன எடத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. நெறைய அலாரத்துல இது இருக்குதாம், எந்த வழியில தூண்டப்பட்டு கத்துச்சோ அதுக்குத் தகுந்த மாதிரி அந்த எல்.ஈ.டி. எண்ணிக்கை வெச்சு மின்னும், ஷாக் சென்சாருக்கு ஒரு எண்ணிக்கை, கதவுக்கு ஒண்ணு, பானட்டுக்கு ஒண்ணு. கம்பெனிக்கு கம்பெனி மாறும், சிலதுல இருக்கவே இருக்காது, எங்களுதுக்கு புக்கும் தொலைஞ்சு போச்சு. அதனால அவரே ஒவ்வொண்ணா தூண்டிப் பாத்தாரு. கண்ணாடிய தட்டி கத்த உட்டு எண்ணுனாரு, பானட்டுக்கு அடியில இருக்கற பின் சுவிட்ச்ச அமுக்கி உட்டு எண்ணுனாரு, கதவத் தொறந்து எண்ணுனாரு. எண்ணி ஒரு பழைய பில்லுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்து, "தம்பி, இன்னைக்கு ராத்திரி கத்துச்சுன்னா இத வெச்சு எண்ணிப்போட்டு வாங்க, ஷாக் சென்சாரோட பிளக்க நான் புடுங்கி உட்டர்றேன்"னு சொல்லி அனுப்பிச்சுட்டாரு. காசு வாங்கல.

அன்னைக்கு ராத்திரியும் கத்துச்சு. சென்சாரோட பிளக்கு கையில தொங்குது, அப்பறமும் கத்துதுன்னா தறி மேல போட்ட பழி அங்கயே முடிஞ்சுது. எல்.ஈ.டி. காட்டுன எண்ணிக்கை கதவோடது.

அடுத்து பண்ணுனதுதான் நான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கே மூலகாரணம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கதவு தொறக்கறத அலாரம் எப்படித் தெரிஞ்சுக்குதுன்னா, கதவு வந்து மூடற தூண்ல ஒரு சின்ன பின் சுவிட்ச் இருக்கும், ரப்பர் மூடி போட்டு ஒரே ஒரு ஒயரோட. கதவு மூடியிருந்தா பின் அமுங்கி இருக்கும், கனெக்சன் இல்ல. கதவு தொறந்தா பின் வெளிய வரும், ஒயரு பாடியோட சேந்து எர்த் ஆகும், உள்ள லைட்டு எரியும், அதே ஒயர்ல இருந்துதான் அலாரத்துக்கும் ஒரு கை எடுத்திருப்பாங்க. டிரைவர் பக்கத்து சுவிட்ச்சோட ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. அண்ணன் அந்த ஸ்க்ரூவக் கழட்டி சுவிட்ச்ச வெளிய இழுத்துக் காட்டுனாரு, உள்ள கிரீஸோட சேந்து சாம்பக் கலர்ல என்னமோ அப்பிக்கிட்டு இருக்குது. நகத்துல சொரண்டி அப்பாகிட்ட காட்டி "என்னன்னு தெரியுதுங்களாய்யா"ன்னாரு. பஞ்சு. தறிப் பஞ்சு. எங்க ஊர்ப்பக்கம் சன்னல் கம்பி, மின்விசிறி, துளசிச்செடின்னு எதுலயும் படியற அதே பஞ்சு, கிழிஞ்ச ரப்பர் வழியா உள்ள போயி கிரீஸ்ல ஒட்டி, ராத்திரி பனி எறங்குனா ஈரத்தக் குடிச்சு வெச்சுக்குது. பின் அமுங்கி இருந்தாலும் அந்த ஈரம் வழியா ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல கொஞ்சூண்டு கரண்ட் கசியுது. அலாரத்துக்கு அது போதும், கதவத் தொறந்துட்டாங்கன்னு கத்தீருது. வெயில் ஏறுனா காஞ்சு போயிரும், பகல்ல சத்தமே வராது.

அதோட உடல. "ஏனுங்கய்யா, உள்ள லைட்ட எதுல வெச்சு ஓட்டறீங்க"ன்னு அப்பாவக் கேட்டாரு. அப்பா எப்பவும் ஆஃப்ல வெச்சுத்தான் ஓட்டுவாரு, பேட்டரி போயிரும்னு. அண்ணன் சிரிச்சுட்டு "அதாங் விசயம்"னாரு. எனக்கு அப்ப புரியல, செஞ்சு காட்டுனாரு. சுவிட்ச்ச திருப்பி மாட்டி, கதவத் தொறந்தே வெச்சுகிட்டு பின்ன டேப் சுத்தி அமுக்கி வெச்சாரு, அலாரத்தப் பொறுத்த வரைக்கும் கதவு மூடியிருக்குது. ரிமோட்ட அமுக்கி அலாரத்தப் போட்டாரு. செடிக்கு மருந்து அடிக்கற சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல அந்த சுவிட்ச் மேல ரெண்டு அடி தண்ணி அடிச்சாரு. எண்ணி முடிக்கறதுக்குள்ள சைரன் அலறுது, ரோட்டுல போனவங்க திரும்பிப் பாக்கறாங்க. அணைச்சாரு. உள்ள லைட்டு பட்டன மட்டும் ஆஃப்ல இருந்து நடுவுல, கதவு தொறந்தா எரியற மாதிரி இருக்கற எடத்துக்கு தள்ளி உட்டாரு. மறுபடி அலாரம் போட்டு மறுபடி தண்ணி அடிச்சாரு. சத்தமே இல்ல. இன்னும் அடிச்சாரு, சொட்டச் சொட்ட நனையுது, அப்பவும் சத்தம் இல்ல.

காரணம் இதுதான். உள்ள லைட்டு அந்த எடத்துல இருந்தா, பல்புக்குள்ள இருக்கற இழை வழியா அந்த ஒயருக்கு 12 வோல்ட் கெட்டியா வந்துகிட்டே இருக்கும். பஞ்சு ஈரத்துல கசியற கொஞ்சூண்டு கரண்ட்டால அத கீழ இழுக்க முடியாது. லைட்டு ஆஃப்ல இருந்தாலோ பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தாலோ, அந்த ஒயரத் தாங்கிப் புடிக்கறதுக்கு அலாரம் டப்பாவுக்குள்ள இருக்கற ஒரு மெல்லிசான ரெசிஸ்டர் மட்டுந்தான், சின்னக் கசிவுக்கே சாஞ்சுரும். ஒயரக் கழட்டி சுவிட்ச்ச மீட்டர்ல வெச்சும் காட்டுனாரு, காஞ்ச சுவிட்ச்ல ஓப்பன்னு, அதாவது கரண்ட் போக வழியே இல்லைன்னு காட்டுது, தண்ணி பட்டதும் சில கிலோ ஓம்முக்கு எறங்கி ஆடுது. இத்தன வருசமா கார் வெச்சிருக்கறோம், ஒரு 20 ரூவா பல்புக்கும் சைரனுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கும்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

இதுலயும் அவரு நேர்மை பாருங்க. லைட்டு பட்டனத் தள்ளி உட்டுட்டு சரியாப் போச்சுன்னு காசு வாங்கியிருக்கலாம், எங்களுக்கு என்ன தெரியப்போகுது. "லைட்டுல மறைச்சு உடறது வைத்தியமல்ல தம்பி, நாளைக்கு பல்பு போனா மறுபடி கத்தும்"னு சொல்லி முன் கதவு சுவிட்ச் ரெண்டையும் புதுசு மாத்தி, தூண்ல துரு புடிச்ச எடத்த உப்புத்தாள்ல தேச்சு, ரப்பர் மூடிக்குள்ள வேசலின் தடவி மாட்டுனாரு. பஞ்சு இருக்கற ஊருக்கு கிரீஸ் வேண்டாம், அதுல எல்லாம் ஒட்டிக்கும்னாரு.

பேட்டரி எறங்குற கதை வேற. அதுக்கும் அளந்துதான் பதில் சொன்னாரு. பேட்டரியோட மைனஸ் கேபிளக் கழட்டி, மீட்டர 10 ஆம்ப் துளையில போட்டு நடுவுல கோத்தாரு, பானட் பின்ன ஒரு கிளிப் போட்டு அமுக்கி வெச்சாரு, கதவெல்லாம் சாத்தி அலாரத்தப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டோம். எல்லாம் அடங்கறதுக்கு நேரம் குடுக்கணும், உடனே பாத்தா தப்பாக் காட்டும்னாரு. இந்த மாதிரி மீட்டர் கோத்திருக்கும்போது ஞாபகமில்லாம ஸ்டார்ட் பண்ணீராதீங்கன்னு பையன்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னாரு, மீட்டர் ஃபியூஸ் போயிரும். திரும்பி வந்து பாத்தா 0.18 ஆம்ப். நிறுத்தி வெச்ச வண்டியில 0.05க்கு உள்ளதான் இருக்கணும். கணக்கப் போட்டுக் காட்டுனாரு, ஒரு நாளைக்கு 4 ஆம்ப் அவருக்கு மேல போகுது, எங்க பேட்டரி 35 ஆம்ப் அவர், அஞ்சு நாள் நின்னா பாதிக்கு மேல காலி. ஸ்டார்ட்டர் எப்படி சுத்தும்?

ஒவ்வொரு ஃபியூஸா எடுத்து எடுத்துப் பாத்தாரு, அலாரத்தோட ஃபியூஸ எடுத்ததும் மீட்டர் எறங்குச்சு. ஸ்டியரிங்குக்குக் கீழ கைய உட்டு ஒரு கருப்பு ரிலேய, அதாவது கரண்ட்ல வேலை செய்யற சுவிட்ச்ச, வெளிய இழுத்தாரு. "இதத் தொட்டுப் பாருங்க தம்பி." வெதுவெதுன்னு சூடா இருந்துச்சு. சாவி போடல, வண்டி ஓடல, நிறுத்தி வெச்ச வண்டியில ஒரு ரிலே சூடா இருக்குதுன்னா அது கரண்ட்டத் தின்னுகிட்டு இருக்குதுன்னு அர்த்தம். அதுதான் ஸ்டார்ட்டர் கட் ரிலே. அலாரம் போட்டிருக்கறப்ப யாராச்சும் சாவியத் திருப்புனா ஸ்டார்ட்டருக்குப் போற லைன அது அறுத்து வெச்சுக்கும். அந்த ரிலேயோட காயிலுக்கு வேண்டிய பிளஸ்ஸ, அதாவது 86ஆம் நம்பர் பின்ன, சாவியத் திருப்புனா மட்டும் கரண்ட் வர்ற இக்னீசன் ஒயர்ல குடுக்கணும். அப்பத்தான் திருடன் சாவியத் திருப்பற அந்த நேரத்துக்கு மட்டும் ரிலே வேலை செய்யும். எங்க வண்டிக்கு மாட்டுனவங்க நேரா பேட்டரில இருந்து எப்பவும் கரண்ட் வர்ற ஒயர்ல குடுத்து வெச்சிருக்காங்க. அலாரம் போட்ட நிமிசத்துல இருந்து எடுக்கற வரைக்கும், ராப்பகலா ரிலே இழுத்துப் புடிச்சுகிட்டே நிக்குது. காயில் ஒரு 80 ஓம் சொச்சம், 12 வோல்ட்டுக்கு 0.15 ஆம்ப், கணக்கு அப்படியே சரியா வந்துச்சு. ஒரு ஜாண் ஒயர எடுத்து 86 பின்ன இக்னீசன் லைனுக்கு மாத்தி சால்டர் வெச்சாரு, மீட்டர் 0.03க்கு வந்துருச்சு. ஒரு பேட்டரி வாங்குன காசு எதுக்குப் போச்சுன்னு அப்பா முகத்தப் பாக்கணுமே.

அப்ப அலாரம் டப்பாவச் சுத்தி இருந்த ஒயரெல்லாம் பாத்தோம். ஜாயின்ட்டு எல்லாம் ஒயரச் சீவி முறுக்கி கருப்பு டேப் சுத்துனது, கோயமுத்தூர் வெயிலுக்கு டேப் பசை எளகி வழிஞ்சு, டேப்பு தானா அவுந்து நிக்குது. இன்டிகேட்டர் லைன்ல ஒரு ஜாயின்ட் பச்சை பூத்துப் போயிருந்துச்சு. எல்லாத்தையும் சால்டர் வெச்சு, சூடு காட்டுனா சுருங்கி இறுக்கற ஹீட் ஷ்ரிங்க் சிலீவ் போட்டு, ஒயர மொத்தமாக் கட்டி கிளட்ச் பெடல்ல உரசாத மாதிரி மேல ஏத்திக் கட்டுனாரு. அலாரத்தோட எர்த் ஒயரு டேஷ்போர்டு பிளாஸ்டிக்க தாங்கற ஒரு ஸ்க்ரூவுல இருந்துச்சு, அத பாடியில பெயின்ட்டச் சொரண்டி நேரா போல்ட்டுல குடுத்தாரு. இதெல்லாம் நாங்க கேக்கல. பையன் பக்கத்துல நின்னு பாத்துகிட்டே இருந்தான், அவனுக்கு ஒவ்வொண்ணையும் ஏன் எதுக்குன்னு சொல்லிக் குடுத்துகிட்டே வேலை செய்யறாரு, நம்மளுக்கும் காதுல உழும். அந்த ஒரு மணி நேரத்துல நான் கத்துகிட்டது கொஞ்ச நஞ்சமல்ல.

ஷாக் சென்சார திருப்பி மாட்டி, அதுல இருக்கற சின்னத் திருகாணிய தறி ஓடற எடத்துக்குத் தகுந்த மாதிரி குறைச்சு வெச்சாரு. ரொம்பக் குறைச்சா கண்ணாடிய ஒடைச்சாக்கூட கத்தாது, அதனால ஊட்டுல தறி ஓடறப்ப நிறுத்திப் பாத்து, உள்ளங்கையால கண்ணாடிய ஓங்கித் தட்டுனா கத்தற அளவுக்கு நீங்களே வெச்சுக்கோங்கன்னு சின்ன ஸ்க்ரூ டிரைவரக் குடுத்து அனுப்புனாரு. ரிமோட்டுக்கு 27ஏங்கற 12 வோல்ட் குட்டி பேட்டரி மாத்துனாரு. அப்பறம் அந்த வாலட் பட்டன், ரிமோட் தொலைஞ்சாலோ செத்துப்போனாலோ அலாரத்த அமத்தறதுக்குன்னு டேஷ்போர்டுக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருப்பாங்களே, அது எங்க இருக்குதுன்னு இத்தன வருசத்துல எங்களுக்கு யாரும் காட்டுனதில்ல, கண்டுபுடிச்சு அப்பா கைய புடிச்சு வெச்சு தொட்டுக் காட்டுனாரு. இக்னீசன ஆன் பண்ணீட்டு அத அமுக்கணும். பழைய அலாரம் வெச்சிருக்கற யாரும் இத மொதல்ல தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ராத்திரி நடுரோட்டுல சைரனோட நிக்கறப்ப தேடக்கூடாது.

மொத்தச் செலவு 1,150 ரூவா, சுவிட்ச் ரெண்டு, ஒயரு, சிலீவ், ரிமோட் பேட்டரி, கூலி எல்லாம் சேத்து. புது செட்டு போட்டுரலாங்களான்னு நானே கேட்டேன். இந்த டப்பாவுல ஒரு கோளாறும் இல்ல, சும்மா காச வீணாக்காதீங்கன்னு மறுத்துட்டாரு. அப்படியே ஒரு நாள் மாத்தறதா இருந்தா வண்டி சாமான சோதிச்சு சான்று குடுக்கற ஏ.ஆர்.ஏ.ஐ. அப்ரூவல் இருக்கற செட்டாப் பாத்து வாங்குங்க, இன்சூரன்ஸ்ல ஓ.டி. பிரீமியத்துக்கு, அதாவது நம்ம வண்டி சேதத்துக்கு கட்டற பங்குக்கு, ரெண்டரை பர்சன்ட் தள்ளுபடி கெடைக்கும், அதிகபட்சம் 500 ரூவான்னாரு. பழைய வண்டிக்கு ஓ.டி. பிரீமியமே கம்மி, அதுல ரெண்டரை பர்சன்ட்ங்கறது பெரிய காசு இல்லதான், ஆனா பேரில்லாத செட்டுக்கு அதுவும் கெடையாது.

குறைன்னு சொல்லணும்னா இருக்குது, மறைக்க வேண்டியதில்ல. பில்லு தரமாட்டாரு, கம்பெனிக் கணக்குல வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது சரிப்படாது. ஃபோன் பண்ணுனா எடுக்க மாட்டாரு, கையில வேலை இருக்கறப்ப ஃபோனே கிட்ட வெச்சுக்கறதில்ல, நேர்ல போயித்தான் ஆகணும். உக்கார ஒரு பெஞ்சுதான், பொம்பளைங்க கொழந்தையோட போனா சங்கடம், பாத்ரூம் வசதி கெடையாது. மழை பேஞ்சா ஷெட்டுக்குள்ள ஒரு வண்டிக்குத்தான் எடம், மத்தது ஒதுங்கி நிக்கணும். நாங்க போனப்ப முன்னாடி ஒரு பழைய குவாலிஸ் பாத்துகிட்டு இருந்தாரு, அத முடிக்காம எங்க வண்டிக்கிட்டயே வரல. இப்ப வர்ற புது வண்டிக, கம்பெனிச் சாவியிலயே சிப் வெச்சு வர்றதுக்கெல்லாம் அவருகிட்ட ஸ்கேனர் கெடையாது, அவரே கம்பெனி ஷோரூமுக்குப் போங்கன்னு சொல்லீருவாரு. பழைய 800, ஜென், சான்ட்ரோ, ஆல்ட்டோ, இண்டிகா, அம்பாசிடர் இந்த மாதிரி வண்டிகளுக்குத்தான் இவரு.

போறவங்க சில விசயத்தக் கவனிச்சு வெச்சுகிட்டுப் போனா அவருக்கும் லேசு நம்மளுக்கும் லேசு. எந்நேரத்துல கத்துதுன்னு பாருங்க, பனி, மழை, வெயில்னு எதோட சேந்து வருதுன்னு பாருங்க. உள்ள லைட்டு எரியுதா, எந்த எடத்துல தள்ளி வெச்சிருக்கறீங்கன்னு பாருங்க. கத்தி முடிச்சதும் எல்.ஈ.டி. எத்தன வாட்டி மின்னுதுன்னு எண்ணுங்க. மீட்டர் இருந்தா காத்தால வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பேட்டரி வோல்டேஜ் பாத்து எழுதி வைங்க, 12.6 கிட்ட இருந்தா நெறஞ்சு இருக்குது, 12.2க்கு வந்துட்டா பாதிதான் இருக்குது, வண்டி ஓடறப்ப 13.8ல இருந்து 14.4க்குள்ள காட்டுனா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குது. இந்த நம்பரோட போனா எந்த எலக்ட்ரீசியனும் உங்களுக்கு சும்மா ஒரு பேட்டரிய வித்துட முடியாது.

இது முடிஞ்சு ஒரு மார்கழிப் பனியும் ஒரு மழைக்காலமும் போயிருச்சு, சைரன் சும்மா கத்தல. போன மாசம் அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போயி வண்டி ஷெட்டுலயே ஒரு வாரத்துக்கு மேல நின்னுச்சு, வந்து சாவியத் திருப்புனதும் ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சு.

கடை காத்தால 9 மணிக்கு மேல தொறப்பாரு, ஞாயித்துக்கெழமை லீவு. மத்தியானத்துக்கு மேல லாரிக்காரங்க வந்து நின்னா நம்ம வண்டி அடுத்த நாளைக்குத் தள்ளிப்போயிரும், அதனால நேரத்துல போயி, சாயங்காலம் வரைக்கும் வண்டிய உட்டுட்டு வர்ற மாதிரி போங்க. அவசரப்படுத்துனா வேலைய எடுக்க மாட்டாரு.